செயற்கை அறிவுக் கணிப்பு: ஓரிடக் குவிப்பா, ஊர்தோறும் பரவலா?

(கழகத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற திங்கள் இவ்வவையில் எழுந்த வழக்கு உங்கட்கு நினைவிருக்கும். நம் உறுப்பினர் இல்லங்களில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் பழந்தமிழ் இதழ்களைப் படம்பிடித்து, எழுத்துருவாக்கி, பிழை களைந்து, சொல்லடைவு செய்ய வேண்டும் என்பதில் எவர்க்கும் மாறுபாடில்லை. அவ்வேலையைச் செயற்கை அறிவின் துணைகொண்டு செய்வதென்றும் முடிவாயிற்று. எங்கே வைத்துச் செய்வது என்பதில்தான் அவை இரண்டுபட்டது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிற்குப் பயன்பாட்டுக்கேற்பக் கட்டணம் செலுத்தினாற் போதும் என்றனர் ஒரு சாரார். 3 நூறாயிரம் உரூபாவுக்குப் பொறியொன்று வாங்கி நம் படிப்பகத்திலேயே நிறுத்துவோம் என்றனர் மற்றொரு சாரார். முன்னவரைப் பின்னவர் 'அடிமை மனத்தர்' என்றும், பின்னவரை முன்னவர் 'கணக்கறியார்' என்றும் சாடிக்கொண்டதையும் கேட்டோம். இறுதியில், கணக்குப் பார்த்துச் சொல்லும் பணியை என் தலையில் கட்டினீர்கள். தமிழாசிரியனுக்குக் கணக்கு எதற்கு என்று நகைத்தாரும் உளர். எண்ணும் எழுத்தும் இரு கண் என்று முப்பதாண்டாகப் பிள்ளைகட்குச் சொல்லி வருகின்றவன், ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாழலாகாதன்றோ? இத்துறையிற் பணியாற்றும் என் பழைய மாணாக்கர் இருவர் துணையிருக்க, ஒரு திங்களாகப் படித்துக் கணக்கிட்டதைச் சொல்கிறேன்.

முதற்கண், பெயரிலேயே ஓர் ஏமாற்று உள்ளது. பெருநிறுவனங்கள் ஓரிடத்திற் குவித்து வைத்திருக்கும் கணிப்பொறிக் கூட்டத்தை 'முகில்' என்று விற்கின்றனர். முகிலென்றால் வானத்தில் மிதப்பது, எவர்க்கும் உரியதன்று, பெய்தால் எல்லார்க்கும் பெய்யும். இவர்தம் முகிலோ காரைக் கட்டடம்; இரும்பு; செம்புக்கம்பி; மின்மாற்றி; குளிர்விக்கும் பொறி; வாயிலிற் காவலர். சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் அத்தகைய கட்டடங்களை நீங்களே காணலாம். எனவே 'முகில்' என்னாது, 'கணிப்புக்களம்' என்றே இவ்வுரையிற் குறிப்பேன்.

அடுத்து, சென்ற கூட்டத்தில் நாம் பூசலிட்டதன் கரணியமே, இருவேறு வேலைகளை ஒன்றாகக் குழப்பியதுதான் என்பது என் கருத்து. செயற்கை அறிவைப் பயிற்றுவது ஒரு வேலை. பயிற்றியதைப் பயன்கொள்வது வேறொரு வேலை. நெல் விளைவிப்பதும் சோறு ஆக்குவதும் போல அவை வேறு வேறு. ஒன்றற்குப் பொருந்தும் செலவுக் கணக்கு மற்றொன்றற்குப் பொருந்தாது.

பயிற்றுதலைப் பார்ப்போம். இப்பொறியறிவு என்பது எண்களின் பெருந்தொகுதி. அவற்றை எடையெண் என்போம். உலகத்து நூல்களையெல்லாம் சிறுசிறு துணுக்காக ஊட்டி, ஒவ்வொரு படியிலும் அவ்வெண்களைச் சிறிது சிறிது திருத்துவதே பயிற்சி. பல்லாயிரம் படிகளில் இது நிகழ்கிறது. பல பொறிகள் சேர்ந்து பயிற்றும்போது, ஒவ்வொரு படியிலும் தத்தம் திருத்தங்களைத் தமக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஈண்டுத்தான் செலவின் முடிச்சு இருக்கிறது.

1,000 கோடி எடையெண் கொண்ட சிறியதொன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணொன்றுக்கு 2 பைட்டு எனில் மொத்தம் 20 கிகா பைட்டு. என்விடியா நிறுவனத்தின் எச்-100 வகைச் செயலிகள் ஒரே பெட்டிக்குள் நொடிக்கு 900 கிகா பைட்டு வரை பரிமாறவல்லன. 20 கிகா பைட்டுக்கு நொடியின் நாற்பத்தைந்தில் ஒரு பங்கு போதும். நம் வீடுகளிலுள்ள இணைய இணைப்பு நொடிக்கு 100 மெகா பிட்டு என்று வைத்தால், அதே 20 கிகா பைட்டைக் கடத்த 1,600 நொடி, ஏறத்தாழ 27 மணித்துளி ஆகும். ஒரு படிக்கு! கண் இமைப்பதற்குள் முடியும் வேலைக்கு அரைமணி நேரம் காத்திருக்கும் பொறி, அந்த அரைமணியும் விலைபோன பொறிதான். குவிப்பின் மலிவு பொறியின் மலிவன்று. பொறிகட்கு இடையிலுள்ள கம்பியின் மலிவு.

மெட்டா நிறுவனம் 2024 சூலையில் வெளியிட்ட 40,500 கோடி எடையெண் கொண்ட இலாமாவைப் பயிற்ற 16,384 எச்-100 செயலிகளை ஓரிடத்திற் கட்டி ஓட்டினர். அதற்கு 3 கோடி செயலி-மணிக்கு மேல் ஆயிற்று. அங்கும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. 54 நாளில் எதிர்பாராத தடை 419 முறை நேர்ந்ததாக அவர்களே எழுதியுள்ளனர். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முட்டுக்கட்டை! பெருங்கோயில் தேரென்றாலும் அச்சு முறியத்தான் செய்யும்.

பரவலாகப் பயிற்றவே இயலாதோ என்றால், இயலும். 2023-இல் கூகுளின் தீப்மைண்டு ஆய்வாளர் ஒரு வழி கண்டனர். ஒவ்வொரு பொறிக்குழுவும் 500 படி தன்னளவில் நடந்து, அதன் பின்னரே ஒருமுறை கூடிப் பேசும். பேச்சு 500 மடங்கு குறைந்தது. அவ்வழியிற் சென்று 2024 அத்தோபர், நவம்பரில் 'இன்டலெக்ட்-1' என்னும் 1,000 கோடி எடையெண் படைப்பை மூன்று கண்டங்களிற் பரவிய பொறிகளைக்கொண்டு பயிற்றினர். பெருஞ்செயல்தான், மறுக்கவில்லை. ஆயினும் அளவைப் பாருங்கள். இது கற்றது நூறாயிரம் கோடி துணுக்கு. முற்சொன்ன இலாமா கற்றது அதனினும் 15 மடங்கு. எடையெண்ணோ 40 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 600 மடங்கு வேலை. மேலும் அப்பரவற் பொறிகள் வீட்டுத் திண்ணையிலிருந்தவை அல்ல. அவையும் எச்-100 எட்டெட்டாய்ப் பூட்டிய களப்பொறிகளே. களங்கள் பலவாயின என்பதே அங்கு நேர்ந்த மாற்றம்.

இளந்தோழர் ஒருவர் சென்ற முறை 'செட்டி-அட்-ஓம்' திட்டத்தைச் சுட்டினார். நல்ல எடுத்துக்காட்டு. பெருக்கிலிப் பல்கலைக்கழகம் 1999 மே திங்களில் தொடங்கி 2020 மார்ச்சு வரை, உலகெங்கும் மக்கள் வீட்டுக் கணிப்பொறிகளுக்கு வேலையைப் பகிர்ந்தளித்து, வானிலிருந்து வரும் குறிப்பலைகளை ஆய்ந்தது. புரதங்களை ஆயும் 'போல்டிங்-அட்-ஓம்' 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் அன்றைய முதன்மைப் பெருங்கணினியையே விஞ்சியது. அவை ஏன் வென்றன? ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்த துண்டு வேலை தனித்தது. பக்கத்து வீட்டைக் கேட்க வேண்டுவதில்லை. விடைத்தாள் திருத்துவது போல. நூறு ஆசிரியர்க்குப் பகிர்ந்து கொடுக்கலாம். செயற்கை அறிவைப் பயிற்றுதலோ நூறு பேர் சேர்ந்து ஒரே செய்யுளை யாப்பது போல. இன்னொன்றையும் மறவற்க. அத்திட்டங்களின் கணக்கேட்டில் மின்கட்டணம் இல்லை. அதனைத் தொண்டர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிற் கட்டினர். செலவு மறைந்துவிடவில்லை; பிறர் பைக்கு மாறிற்று.

இனிப் பயன்கொள்ளற் கணக்கு. நம் கழகத்தின் வழக்கு இதனைப் பற்றியதே.

3 நூறாயிரம் உரூபாப் பொறி நான்காண்டு உழைக்குமென்க. ஆண்டுக்கு 75,000 உரூபா தேய்மானம். கடைக்காரர் 'கிராபிக்சு கார்டு' என்று விற்கும் செயலியோடு அது மணிக்கு அரை அலகு மின்சாரம் உண்ணும்; அலகு 8 உரூபா எனில் மணிக்கு 4 உரூபா. இடையறாது ஓட்டினால் ஆண்டுக்கு 8,760 மணி. அப்பொழுது மணிக்கு அடக்கவிலை, மின்சாரமும் சேர்த்து, 12½ உரூபா. ஆண்டில் 200 நாள், நாளொன்றுக்கு 2 மணி நேரம் மட்டும் ஓட்டினால்? 400 மணி. அடக்கவிலை 191½ உரூபா! பொறியும் அதுவே; விலையும் அதுவே; உறங்கிய நேரம் மட்டுமே வேறு.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. யான் முன்னர்ப் பணியாற்றிய பள்ளியொன்றிற்குப் பத்துக் கணிப்பொறிகள் நன்கொடையாக வந்தன. வந்த நாளில் பொட்டிட்டு மாலையிட்டனர். பிறகு தூசு படியுமென்று துணியால் மூடினர். பிள்ளைகள் கெடுத்துவிடுவரென்று அறையைப் பூட்டினர். திறவுகோல் அலுவலக நிலைப்பேழைக்குள் போயிற்று. ஆண்டாய்வுக்கு அலுவலர் வரும் நாளில் அறை திறக்கும், எண்ணிப் பார்ப்பர், மூடுவர். ஆறாண்டு கழித்து அவை எடைக்குப் போனபோது, விசைப்பலகையின் எழுத்துகள் கூடத் தேயவில்லை. யானும் அப்பள்ளியில் இருந்தேன். திறவுகோலை ஒருநாளும் கேட்டேனல்லேன். அதனாற்றான் 'நமக்கென்று சொந்தப் பொறி' என்று தோழர்கள் முழங்கும்போது, எனக்கு அப்பூட்டு நினைவுக்கு வருகிறது.

வாடகைக் கணக்கு எப்படி? இந்திய நடுவணரசு 2024 மார்ச்சில் செயற்கை அறிவுப் பணித்திட்டத்துக்கு 10,372 கோடி உரூபா ஒப்பியது. ஆய்வாளர், கல்வி நிலையத்தார், புதுத்தொழில் முனைவோர் ஆகியோர்க்குச் செலவில் 40 விழுக்காடு வரை அரசே ஏற்று, செயலியை மணிக்கு 100 உரூபாவுக்கும் குறைவாகத் தருவதாக 2025 சனவரியில் அறிவித்தது. 100 என்றே கொள்வோம். நம் பொறி ஆண்டுக்கு 781 மணி, அஃதாவது நாளுக்கு இரண்டு மணிக்குச் சற்றுமேல் ஓடினால் வாடகையும் சொந்தமும் சமம். ஆ, வென்றோம் என்று எழாதீர்கள். களத்துச் செயலி நம் சிறு பொறியினும் விரைவானது. நான்கு மடங்கு விரைவென்று வைத்தால், நம் ஒரு மணி வேலைக்கு அங்கே 25 உரூபாதான். அப்பொழுது நாம் ஆண்டுக்கு 3,571 மணி, நாள்தோறும் ஏறத்தாழ 10 மணி நேரம் ஓட்டினாலன்றிக் கட்டுப்படியாகாது.

துணுக்குக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் நிறுவனத்தின் வழி இன்னும் மலிவாயிருக்கக்கூடும். அதற்கும் கரணியம் உண்டு. விடை ஒன்றைச் சொல்வதற்கு எடையெண் முழுவதையும் நினைவகத்திலிருந்து படிக்க வேண்டும். களத்தில் ஒருமுறை படித்து, அதே நொடியிற் கேட்ட பலர்க்கும் விடை பரிமாறிவிடுகின்றனர். பந்திச் சமையல் அது. நாம் ஒரே ஆளுக்கு அண்டா ஏற்றுகிறோம். குளிர்விப்பிலும் அவர்க்கே மேன்மை. கணிப்புக்கு ஒரு அலகு என்றால் மற்றவற்றுக்கெல்லாம் சேர்த்துப் பத்திலொரு அலகுதான் செலவாகிறது என்று கூகுள் தன் களங்களுக்குக் கணக்குக் காட்டுகிறது.

இங்ஙனம் சொல்லக் கேட்டுச் சிலர் முகம் வாடுகிறது. பொறுங்கள், கட்டணத்தை எதனால் அளக்கின்றனர் என்று இன்னும் பார்க்கவில்லை. 'துணுக்கு' என்றேனே, அத்துணுக்கை வெட்டும் கத்தி யார் கையில்?

ஓப்பன்-ஏ.ஐ. நிறுவனம் 2024 மேயில் தன் புதிய படைப்பை வெளியிட்டபோது, ஒரே செய்தியைப் பல மொழியிலும் எழுதித் துணுக்கு எண்ணிக்கையைக் காட்டியது. பழைய முறையில் ஆங்கிலத்துக்கு 27 துணுக்கு, தமிழுக்கு 116. அஃதாவது ஒரே செய்தியைச் சொல்ல, தமிழன் நாலேகால் மடங்கு கட்டணம் செலுத்தினான்! தமிழ் நீட்டி முழக்கும் மொழியென்பதா இதன் பொருள்? அன்று. அவர்தம் துணுக்குப் பட்டியலில் ஆங்கிலச் சொற்கள் முழுமுழுச் சொல்லாக இடம்பெற்றிருந்தன; தமிழுக்கோ எழுத்தையே உடைத்து, உயிர்மெய்யைத் தலைவேறு உடல்வேறாக வெட்டி எண்ணினர். புதிய முறையில் தமிழுக்கு 35, ஆங்கிலத்துக்கு 24 ஆயிற்று. இன்னும் ஒன்றரை மடங்குக்குச் சற்றே குறைவு. திருத்தியமைக்கு நன்றி சொல்வோம். ஆனால் நாம் கேட்டுப் பெற்றதன்று அது; அவர்கள் திருத்தினார்கள், குறைந்தது. திருத்தாதிருந்திருந்தால் இன்றும் 116-க்குத்தான் கட்டியிருப்போம். ஏனென்று கேட்க ஒரு வாயிலும் நமக்கு இல்லை. மணிக்கு எத்தனை உரூபா என்னும் கணக்கில் இது வரவே வராது.

இதற்கு எதிரிடையான செய்தியொன்றைக் கேளுங்கள். மெட்டா திறந்து வெளியிட்ட இரண்டாம் இலாமாவின் துணுக்குப் பட்டியலில் 32,000 உருப்படிகள். தமிழ் அதில் இல்லாததற்கு ஒப்பு. 2023 நவம்பரில் 'தமிழ் இலாமா' என்னும் பெயரில் அதனோடு 16,000 தமிழ்த் துணுக்குகளைச் சேர்த்துத் தமிழில் மேற்பயிற்சி கொடுத்து வெளியிட்டனர். எடையெண் திறந்து கிடந்ததனால் அது முடிந்தது. கத்தி நம் கைக்கு வந்தது. இதனுள் மூன்று படி இருப்பதைக் காண்க. அடிப்படைப் பயிற்சி நடந்தது பெருங்களத்தில். தமிழ்ப் பயிற்சி நடந்தது சிறுமுயற்சியில். பயன்கொள்வதோ எவர் வீட்டிலும். 700 கோடி எடையெண் கொண்ட ஒன்று 16 பிட்டு அளவில் 14 கிகா பைட்டு; எண்களைச் சுருக்கி 4 பிட்டாக்கினால் மூன்றரை கிகா பைட்டு; மடிக்கணிப்பொறியே தாங்கும். பதவுரையைப் பொழிப்புரையாகச் சுருக்குவது போல. சில நுட்பம் போகும், பொருள் நிற்கும்.

பெருங்களமென்றால் தனியார் பெருநிறுவனம் என்றுதான் இருக்க வேண்டுமோ? பிரான்சு நாட்டின் பொதுப் பெருங்கணினியான 'இழான் சே'யில் 2022-இல் 384 செயலிகளைக்கொண்டு ஏறத்தாழ நான்கு திங்கள் 'புளூம்' என்னும் படைப்பைப் பயிற்றினர். 17,600 கோடி எடையெண், 46 மொழி, தமிழும் அவற்றுள் ஒன்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வாளர் பல நாட்டிலிருந்து உழைத்தனர். கணிப்பு நேரத்தின் மதிப்பு ஏறத்தாழ 30 நூறாயிரம் யூரோ. மின்சாரம் 4,33,000 அலகு. அத்தனையும் வெளிப்படையாக எழுதி வைத்தனர். பின்னர் அதனையே துண்டு துண்டாக வீட்டுப் பொறிகளில் ஏற்றி, இணையத்தாற் கோத்து 'பெட்டல்சு' என்னும் முறையில் ஓட்டியும் பார்த்தனர். நொடிக்கு ஒரு துணுக்கு வந்தது. மெதுவோட்டந்தான். ஆனால் பெருங்களம் தேவைப்படும் வேலையைப் பொதுக்களத்திற் செய்து, பயனை ஊரூருக்கும் விடலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

குவிப்பின் விலைப்பட்டியலில் எழுதப்படாத இரண்டு உண்டு. அயர்லாந்தில் 2023-இல் அளந்த மின்சாரத்தில் 21 விழுக்காட்டைக் கணிப்புக்களங்களும், 18 விழுக்காட்டை நகர்ப்புற வீடுகளனைத்தும் உண்டன என்று அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் சொல்கிறது. புதுக்கம்பி இழுக்கும் செலவைக் களத்தின் வாடிக்கையாளர் மட்டுமா தாங்குவர்? மற்றொன்று: 2025 செபுதம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேசொன் நகரில், அரசின் தகவற்களத்தில் மின்கலம் தீப்பற்றி 709 அமைப்புகள் நின்றன, அரசூழியர்தம் கோப்புக் களஞ்சியத்தில் 858 டெரா பைட்டு மறுபடியின்றி அழிந்தது. அது செயற்கை அறிவுக் களமன்று. ஆயினும் இடம் ஒன்றே என்பதன் விலை அதுவே. நம் சுவடிகள் ஒரே மடத்தில் இருந்திருந்தால் இன்று எத்தனை நூல் எஞ்சியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றன் படி இன்னோர் ஊர் வீட்டுப் பரணிற் கிடந்ததால் அன்றோ பாடம் ஒப்பிட்டுப் பதிப்பிக்க முடிந்தது?

ஆகவே என் கணக்கு இவ்வாறு முடிகிறது. நம் கழகம் தனித்து நின்று பொறி வாங்குவதை யான் ஒப்பவில்லை. நாளைக்கு இரண்டு மணி வேலைதான் நம்மிடம் உண்டு. கட்டுகள் தீர்ந்தபின் அதுவும் இராது. ஆனால் அண்டை ஊர்களில் நம்மைப் போன்றே பழைய இதழ்களை வைத்துக்கொண்டு கைபிசைந்திருக்கும் மன்றங்கள் உள. ஐந்து மன்றம் சேர்ந்தால் நாளைக்கு 10 மணி நேரம் ஆகிவிடும். பிழை களையும் வேலையை மாலையில் அடுக்கி வைத்துவிட்டால் பொறி இரவெல்லாம் தானே ஓடும், ஆள் வேண்டா. அவர்கள் இசைந்தால் வாங்குவோம். இசையும் வரை கட்டணத்துக்கே ஓட்டுவோம். அதிலும், படம்பிடித்த பக்கங்களின் மூலம் நம்மிடமே, மூன்று ஊரில் மூன்று படியாக இருக்க வேண்டும். வாங்கினால் பொறிக்கருகே ஓர் ஏடு தொங்க வேண்டும். எந்நாள் எத்தனை மணி ஓடிற்று என்று எழுத வேண்டும். திறவுகோல் எவர் இடுப்பிலும் இருத்தலாகாது.

அதற்கு முன் ஓர் ஆய்வு. கழக நூலகத்திலிருந்து எழுத்து மங்கிய 100 பக்கங்களை எடுத்து வைத்துள்ளேன். அவற்றைக் கட்டணக் களத்திலும் ஓட்டுவோம். தம்பியின் மடிக்கணிப்பொறியிலும் ஓட்டுவோம். எதில் எத்தனை ழகரம் ளகரமாயிற்று, எத்தனை துணுக்குக்கு எத்தனை காசு ஆயிற்று என்று பக்கம் பக்கமாக எழுதுவோம். மூத்தோர் பிழை பார்ப்பர். இளையோர் காசு பார்க்கட்டும். வரும் ஞாயிறு காலை 10 மணிக்குப் படிப்பகம் திறந்திருக்கும். செம்மையெழுதுகோலை அவரவர் கொண்டு வருக.